வெண்பனியின் கீழ் மறைந்திருக்கும் ஆபத்து



‘பனி’ என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் மனக்கண் முன் தோன்றுவது எது? டிசம்பர் மாத அதிகாலையில் முற்றத்தை மூடி நிற்கும் புகைமூட்டமா? புல் நுனியில் மின்னும் நீர்த்துளியா? அல்லது நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் விழுந்து தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியா? இவை எல்லாவற்றுக்கும் தமிழிலே நாம் பெரும்பாலும் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அரபு மொழியிலோ புல்லில் நிற்கும் துளிக்கு ‘நதா’ என்றும், தரையில் வெள்ளையாகப் படியும் உறைபனிக்கு ‘ஸகீஉ’ என்றும், கல்லாக விழும் ஆலங்கட்டிக்கு ‘பரத்’ என்றும், பஞ்சு போல் பொழிந்து குவிவதற்கு ‘ஸல்ஜ்’ என்றும் தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன.

நாம் இங்கே பேசப்போவது இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான். படங்களில் பார்க்கும்போது கண்ணுக்குக் குளிர்ச்சியாகவும், கையில் எடுத்தால் பூவை விட மென்மையாகவும் இருக்கும் இந்த வெண்பனி, மலைச் சாய்விலிருந்து பெயர்ந்து விழும்போது வீடுகளையும் வாகனங்களையும் மனிதர்களையும் ஒரு நிமிடத்துக்குள் விழுங்கிவிடுகிறது. அதனையே பனிச்சரிவு என்கிறோம்.

‘பனி விழாத நாட்டில் வாழும் எங்களுக்கு இது எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கட்டுரையை இறுதிவரை வாசித்துவிட்டு விடையை நீங்களே சொல்லுங்கள்.

காப்பாற்ற வந்தவர்களும் புதைந்த கதை

2020 பெப்ரவரி 4ஆம் திகதி. கிழக்குத் துருக்கியின் வான் மாகாணத்தில் பஹ்செசராய் என்ற சிறு நகருக்குச் செல்லும் மலைப்பாதை. அன்று இறங்கிய பனிச்சரிவில் பனி அகற்றும் இயந்திரம் ஒன்றும் மினிபஸ் ஒன்றும் சிக்கிக்கொண்டன. ஐவர் உயிரிழந்தனர். இருவரைக் காணவில்லை.

காணாமற்போன அந்த இருவரையும் தேடுவதற்காக மறுநாள் சுமார் 300 பேர் அவ்விடத்தில் கூடினார்கள். மீட்புப் பணியாளர்கள், பாதுகாப்புப் படையினர், ஊர்மக்கள் எனப் பலரும் அதில் இருந்தனர். அவர்கள் பனியைத் தோண்டிக்கொண்டிருந்த வேளையிலே அதே மலையிலிருந்து இரண்டாவது சரிவு இறங்கியது! இரண்டு நாட்களிலும் உயிரிழந்தோரின் தொகை நாற்பதைத் தாண்டியது. அவர்களிற் பெரும்பாலானோர் பிறரைக் காப்பாற்ற வந்தவர்கள்.

இது தனித்ததொரு நிகழ்ச்சியன்று. ஆப்கானிஸ்தானின் ஸாலங் கணவாயில் 2010 பெப்ரவரியில் அடுத்தடுத்து இறங்கிய பனிச்சரிவுகள் பாதையில் சென்ற வாகனங்களை மூடியதில் 160க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2012 ஏப்ரல் 7ஆம் திகதி சியாச்சினுக்கு அருகிலுள்ள கயாரி என்ற பாகிஸ்தான் இராணுவ முகாம் முழுவதும் புதைந்து 140 பேர் இறந்தனர். 2020 ஜனவரியில் கஷ்மீரின் நீலம் பள்ளத்தாக்கில் வீடுகள் பல பனியோடு பெயர்ந்தன. அங்கே மாண்டவர்களுள் வீட்டினுள்ளே குளிர்காய்ந்துகொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளும் இருந்தனர்.

ஆகவே, பனிச்சரிவு என்பது உல்லாசத்துக்காகப் பனிச்சறுக்கச் செல்லும் செல்வந்தரின் பிரச்சினை மட்டுமல்ல என்பதை முதலில் மனதிற் கொள்ளுங்கள்.

பனி ஒரே குவியல் அல்ல

தூரத்திலிருந்து பார்க்கும்போது மலையை மூடிய பனி ஒரே வெள்ளைப் போர்வையாகத் தோன்றும். உண்மையில் அது பல அடுக்குகளைக் கொண்டது. நவம்பரில் விழுந்த பனி அடியிலும், டிசம்பரில் விழுந்தது அதன் மேலும், ஜனவரியில் விழுந்தது அதற்கும் மேலுமாக அது படிந்திருக்கிறது. ஒவ்வொரு பொழிவும் ஒவ்வொரு குணமுடையது. சில அடுக்குகள் பலகை போல இறுகியவை. சில அடுக்குகள் மணல் போல உதிர்பவை. ஆபத்து பிறப்பது இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும்போதுதான்.

இதைச் சமையலறையிலேயே நீங்கள் செய்து பார்க்கலாம். ஒரு பெரிய தட்டில் துவாலை ஒன்றை விரித்து, அதன் மேல் கோதுமை மாவைப் பரப்பி அழுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு படை சீனியைத் தூவுங்கள். மறுபடியும் அதன் மேல் மாவைக் கனமாகப் பரப்பி உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள். இப்போது தட்டின் ஒரு பக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. ஒரு கட்டத்தில் மேலே உள்ள மா முழுவதும் வெடித்துப் பாளமாகக் கழன்று சீனியின் மீது வழுக்கிக்கொண்டு இறங்கும். அடியிலுள்ள மா அப்படியே இருக்கும். உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளிற் பெரும்பாலானவை இவ்விதமே நிகழ்கின்றன. மேலே இறுகிய பாளம், நடுவே பலமற்ற படை, கீழே அசையாத தளம். இவ்வளவுதான் இரகசியம்!

இந்தச் சீனிப் படை மலையில் எவ்வாறு உருவாகிறது? பனிக்கு அடியிலுள்ள நிலம் ஏறக்குறைய பூச்சியம் பாகை வெப்பநிலையிலேயே இருக்கும். மேலே காற்றோ பூச்சியத்துக்குக் கீழே பத்து, இருபது பாகைக்கும் சென்றுவிடும். அடியில் உள்ள நீராவி இந்த வேறுபாட்டினால் பனியின் ஊடாக மேலெழுகிறது. அது செல்லும் வழியில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும் தன்மையை இழந்து, முனைகள் கூர்மையான தனித்தனி மணிகளாக மாறிவிடுகின்றன. கையில் அள்ளினால் சீனியைப் போலவே விரலிடுக்கால் உதிரும்.

இங்கே வியப்பான ஒரு விடயம் உண்டு. பனி ஆழமாக இருந்தால் இந்த வெப்பநிலை வேறுபாடு பல மீற்றர் தடிப்பில் பரவிவிடுகிறது. பனி மெல்லியதாக இருந்தால் அதே வேறுபாடு சில சாண் தடிப்புக்குள் அடங்கி, பனியை விரைவாகச் சீனியாக்கிவிடுகிறது. எனவே ‘இவ்வருடம் பனி குறைவு, ஆகவே பயமில்லை’ என்று எண்ணுவது தவறு. குறைந்த பனியுடன் தொடங்கும் குளிர்காலமே பின்னர் பொழியும் பெரும்பனிக்கு நம்பத்தகாத அத்திவாரத்தை இட்டுவைக்கிறது.

பலமற்ற படை உருவாகும் இன்னொரு வழி நமக்கு அந்நியமானதல்ல. மேகமற்ற, காற்றற்ற குளிர் இரவுகளில் நுவரெலியாவின் புற்றரையில் வெள்ளை வெள்ளையாக உறைபனி படிகிறதல்லவா? அதுபோலவே பனியின் மேற்பரப்பிலும் இறகு போன்ற பளிங்குகள் படிகின்றன. காலை வெயிலில் அவை வைரம் போல மின்னும். பார்ப்பதற்கு அத்தனை அழகு! ஆனால் அவற்றின் மேல் அடுத்த பனி பொழிந்து மூடிவிட்டால், அந்த மெல்லிய இறகுப் படை வாரக்கணக்கில் உள்ளே மறைந்திருக்கும். மேலிருந்து பார்க்கும் எவருக்கும் அது தெரியாது.

காற்றும் சாய்வும்

பனியை அதிகமாகக் குவிப்பது பொழிவு மட்டுமல்ல. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரிச் சென்று முகட்டின் மறுபக்கத்திலே கொட்டி இறுக்கிவிடுகிறது. வானம் தெளிந்திருக்கும் நாளிலும், ஒரு துளிப் பனியும் விழாமலே, முகட்டின் மறைவுப் பக்கத்தில் சில மணி நேரத்துக்குள் கனமான பாளம் உருவாகிவிடும். ஒரே மலையின் ஒரு முகம் பாதுகாப்பாகவும் மறுமுகம் மரணப் பொறியாகவும் இருப்பது இதனால்தான்.

அடுத்தது சாய்வு. மிகவும் செங்குத்தான பாறைகளில் பனி தங்குவதில்லை. அவ்வப்போது சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். சமதரையில் அது நகர்வதில்லை. 30 பாகைக்கும் 45 பாகைக்கும் இடைப்பட்ட சாய்வுகளிலேயே பெரும்பாலான பாளச் சரிவுகள் தொடங்குகின்றன. 30 பாகை என்பது எவ்வளவு? உங்கள் வீட்டில் மாடிப்படி இருந்தால் அதன் சாய்வைப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். பனிச்சறுக்குவோர் விரும்பித் தேடுவதும் அதே சாய்வைத்தான் என்பது வேதனையான பொருத்தம்.

ஆனால் சரிவு தொடங்கும் இடம் வேறு, அது சென்றடையும் இடம் வேறு. உலர்ந்த பாளம் பெயர்ந்தால் சில வினாடிகளுக்குள் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தை அடைந்துவிடும். மேலே சாய்வில் பெயர்வது கீழே சமதரையிலுள்ள பாதையையும் கிராமத்தையும் வந்து தாக்குகிறது. பஹ்செசராய்ப் பாதையிலும் நீலம் பள்ளத்தாக்கிலும் மாண்டவர்கள் மலையேறச் சென்றவர்கள் அல்லர். மலையின் கீழே இருந்தவர்கள்.

அறிந்தவர்கள் ஏன் அகப்படுகிறார்கள்?

ஊரையும் பாதையையும் விட்டு விலகி, காவலோ கண்காணிப்போ இல்லாத மலைகளுக்குள் உலவுவோரின் கதை இன்னொரு விதமானது. அங்கே பனிச்சரிவில் அகப்படுவோரில் பத்தில் ஒன்பது பேரின் விடயத்தில் சரிவைத் தூண்டிவிட்டது அவர்களே, அல்லது அவர்களுடன் சென்ற ஒருவரே. மலை வலிந்து அவர்கள் மீது விழவில்லை. அவர்களின் பாரமே பலமற்ற படையை நொறுக்கியது.

மலை முன்கூட்டியே பேசுகிறது என்பதுதான் இதில் கவலைக்குரியது. அண்மையில் இறங்கிய வேறு சரிவுகளின் தடம், காலடி வைக்கும்போது பனிக்குள்ளிருந்து ‘வூம்ப்’ என்று எழும் மந்தமான ஓசை, பாதத்திலிருந்து பனியின் மேல் ஓடும் வெடிப்பு, ஒரே நாளில் 30 சென்ரிமீற்றருக்கு மேல் பொழிந்த புதுப்பனி, பலத்த காற்று, திடீரென ஏறும் வெப்பம், பனியின் மேல் பெய்யும் மழை ஆகியவை எல்லாம் எச்சரிக்கைகள்.

ஐரோப்பிய நாடுகள் 1993இல் ஒன்றுகூடி, பனிச்சரிவு அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரையான படிகளாக அறிவிக்கும் முறையை ஏற்றுக்கொண்டன. ஐந்தாவது படிதான் மிகப் பெரிய ஆபத்து. எந்தப் படியில் அதிகமானோர் இறக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஐந்திலா? நான்கிலா? இல்லை. மூன்றில்! நான்கு, ஐந்து என்று அறிவிக்கப்பட்டால் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால், ‘நடுத்தரம்தானே’ என்று புறப்பட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் 1972 முதல் 2003 வரை நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை இயன் மெக்கம்மன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். பயிற்சி பெற்றவர்களும் கண்முன்னே தெரிந்த அறிகுறிகளைத் தாண்டிச் சென்றிருப்பதை அவர் கண்டார். காரணங்கள் என்ன? ‘இது எனக்குப் பழகிய இடம்.’ ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், திரும்புவதா?’ ‘முன்னே சென்றவர்களின் தடம் இருக்கிறதே.’ ‘கூட வந்தவர் அனுபவசாலி, அவர் பார்த்துக்கொள்வார்.’

சகோதரிகளே! இந்த வாசகங்களைக் கேட்கும்போது உங்களுக்கு மலைதானா நினைவுக்கு வருகிறது? பெருக்கெடுத்த ஆற்றைக் கடக்கும் மனிதனும், தலைக்கவசமின்றிப் புறப்படும் மகனும் சொல்வது இதையேதான் அல்லவா? அறிவு இல்லாமை ஒரு ஆபத்து. பழக்கம் தரும் துணிச்சலோ அதனினும் பெரிய ஆபத்து.

பத்து நிமிடங்கள்

பனியில் புதைந்தவருக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? சுவிட்ஸர்லாந்தின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியிடப்பட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்துவிட்டால் பத்தில் மூவரே பிழைக்கிறார்கள்.

விழும்போது மென்மையாக இருந்த பனி, உருண்டு நொறுங்கி நின்றதும் கொங்கிறீட் போல இறுகிவிடும். உள்ளே இருப்பவர் தம் விரலைக்கூட அசைக்க முடியாது. அவர் விடும் மூச்சின் ஈரம் முகத்தைச் சுற்றி உறைந்து பனிக்கட்டித் திரையாகிவிடும். விட்ட மூச்சையே மீண்டும் இழுத்து மூர்ச்சையாவார். பனியில் இறப்போரில் பெரும்பாலானோர் குளிரினால் அல்ல, மூச்சுத்திணறியே இறக்கிறார்கள்.

நீலம் பள்ளத்தாக்கில் சிறுமி ஒருத்தி சுமார் 18 மணி நேரத்தின் பின்னர் உயிருடன் மீட்கப்பட்டாள். அவள் புதைந்தது வீட்டு அறைக்குள். அத்தகைய அறைகளில் சிறிது காற்று எஞ்சியிருப்பதுண்டு. திறந்த சாய்வில் புதைந்தவருக்கு அந்த வாய்ப்பு மிகவும் அரிது.

பத்து நிமிடங்களுக்குள் எந்த ஹெலிகொப்டர் வரும்? எந்தப் படை வரும்? ஒஸ்திரியாவின் கால்ட்டூர் கிராமத்தைப் பாருங்கள். 1999 பெப்ரவரி 23ஆம் திகதி மாலை அக்கிராமத்தின் மேல் சரிவு இறங்கி 31 பேர் மாண்டனர். பனிப்பொழிவினால் பாதைகள் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தன. புயலினால் அன்றிரவு ஹெலிகொப்டர் பறக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேதான் வெளியுதவி வந்தது. அதுவரையில் தோண்டியவர்கள் ஊர்மக்களும் அங்கே தங்கியிருந்த விருந்தினரும்தான். பாதுகாப்பானது என்று வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்த பகுதிக்குள்ளும் அன்று பனி புகுந்துவிட்டது என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

ஆகவேதான் மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மூன்று பொருட்களைத் தம்முடன் எடுத்துச் செல்ல வேண்டும் என்கிறார்கள். ஒன்று, உடலோடு கட்டிக்கொள்ளும் சமிக்ஞைக் கருவி. உலகெங்கும் ஒரே அலைவரிசையில் அது இயங்குவதால் புதைந்தவர் எங்கே கிடக்கிறார் என்பதைத் தோழர்கள் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, மடித்து வைக்கக்கூடிய நீண்ட துழாவுகோல். மூன்றாவது, மண்வெட்டி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டின் பயன் வெகுவாகக் குறைந்துவிடும். நன்றாகக் கவனியுங்கள்: சமிக்ஞைக் கருவியை நீங்கள் கட்டிக்கொள்வது உங்கள் தோழர் உங்களைக் காப்பாற்றுவதற்காக. மண்வெட்டியை நீங்கள் சுமப்பது உங்கள் தோழரைக் காப்பாற்றுவதற்காக.

ஆபத்தான சாய்வை ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கடக்க வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். எல்லோரும் ஒன்றாகச் சென்று புதைந்துவிட்டால் தோண்டுவது யார்? ஒருவர் அகப்பட்டால், கடைசியாக அவர் கண்ணிற்பட்ட இடத்தை மனதிற் குறித்துக்கொண்டு, மேலே இன்னும் பனி தொங்குகிறதா என்று பார்த்துவிட்டே இறங்க வேண்டும். பஹ்செசராய் உலகுக்குச் சொன்ன பாடம் இதுதான். காப்பாற்ற ஓடும் கால் ஓடட்டும். அதற்கு முன் கண் ஒருமுறை மேலே பார்க்கட்டும்.

காடும் வேலியும்

மலைவாழ் மக்கள் இந்த ஆபத்தோடு பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். சுவிட்ஸர்லாந்தின் அண்டர்மாட் கிராமத்தவர் தமக்கு மேலே நின்ற காட்டில் ஒரு மரத்தையும் வெட்டக்கூடாது என்று 1397ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்தார்கள். அந்த மரங்களே பனியைப் பிடித்து நிறுத்தும் தூண்கள் என்பதை அனுபவம் அவர்களுக்குக் கற்பித்திருந்தது. இன்று மரமில்லாத உயரங்களிலே உருக்கு வேலிகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. டாவோஸ் நகரிலுள்ள ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. பனிச்சரிவோடு வாழும் இந்த அறிவை, சுவிட்ஸர்லாந்துக்கும் ஒஸ்திரியாவுக்கும் உரிய மரபுச் செல்வமாக யுனெஸ்கோ 2018இல் தனது பட்டியலில் சேர்த்தது.

ஆனால் ஆப்கானிஸ்தானின் மலைக்கிராமத்தில் விறகுக்குக் காட்டை விட்டால் வேறு வழியில்லை. அன்றாடம் அறிக்கை வெளியிடவும் வேலி அமைக்கவும் பணம் வேண்டும். ஒரே பனிதான் எல்லா மலைகளிலும் பொழிகிறது. அதனால் மாள்வது ஏழையா செல்வந்தனா என்பதைப் பனி தீர்மானிப்பதில்லை.

இனி நமது விடயம்

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருவோம். பனி விழாத நாட்டில் நமக்கு இது எதற்கு? நமது மலைகளில் பனி சரிவதில்லை. ஆனால் மண் சரிகிறது! 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகளின் மேல் மலை இறங்கியதையும், 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததையும் மறந்துவிட முடியுமா? பனிச்சரிவில் பாரத்தை ஏற்றுவது புதுப்பனியும் காற்றும். மண்சரிவில் பாரத்தை ஏற்றுவது மழைநீர். பலமற்ற படையும் சாய்வும் இரண்டுக்கும் பொதுவானவை.

அதுபோலவே அறிகுறிகளும் உண்டு. நிலத்திலும் சுவரிலும் புதிதாகத் தோன்றும் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமும் மின்கம்பமும், கதவும் ஜன்னலும் திடீரென இறுகிப்போதல், தெளிந்த ஊற்று கலங்கி ஓடுதல் அல்லது திடீரென நின்றுபோதல். இவற்றை முதலிற் காண்பது யார்? நாள் முழுவதும் வீட்டிலும் முற்றத்திலும் கிணற்றடியிலும் நிற்கும் பெண்தான். அதிகாரி வந்து பார்ப்பதற்கு முன்பே உங்கள் கண் பார்த்துவிடுகிறது. ‘பல வருடமாக இப்படித்தான் இருக்கிறது’ என்று பிறர் சொல்லும்போது அதனை நம்பி மௌனமாகிவிடாதீர்கள். கிராம சேவகரிடம் சொல்லுங்கள். வெளியேறும்படி அறிவித்தால் வெளியேறுங்கள். மூன்றாம் படியில் புறப்பட்டவர்களின் முடிவை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் முக்கியமானது. சரிவு ஒன்று இறங்கி ஓய்ந்ததும் நகையை எடுக்க, பத்திரங்களை எடுக்க, ஆடு மாட்டை அவிழ்க்க என்று ஒருவரும் திரும்பி ஓட வேண்டாம். பிள்ளைகளிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள். முதலாவது சரிவு முடிந்துவிட்டது என்பதால் மலை தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தமல்ல.

மலையடிவாரத்தில் இல்லாத சகோதரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. எச்சரிக்கை கேட்டு ஒரு குடும்பம் வெளியேறுவதற்குப் போய்ச்சேர ஓர் இடம் வேண்டும். மீரியபெத்தையில் ஆபத்து இருக்கிறது என்பது சரிவுக்குப் பல வருடங்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. மாற்றுக் காணியும் வீடும் இல்லாதவன் எங்கே போவான்? அடைமழை நாட்களில் மலைப்பகுதியில் உங்களுக்கு ஓர் உறவினரோ தெரிந்தவரோ இருந்தால், ‘நாலு நாள் எங்கள் வீட்டில் வந்து இருங்கள்’ என்று முந்திக்கொண்டு அழையுங்கள். சரிந்த பின் அனுப்பும் உடுப்பு மூட்டையை விட, சரியுமுன் விரித்துவைக்கும் ஒரு பாய் மேலானது.